நாளை மறுநாள் லீவு கிடைத்தவர்களுக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் அக்கா, அண்ணன், தம்பி, தங்கச்சிகளுக்கு,

ஷா ஆலாம் ஆலைகளிலும் கிள்ளான் துறைமுகக் கிடங்குகளிலும் வேலை செய்பவர்கள், மருத்துவமனை வார்டில் இரவு முழுக்க நடப்பவர்கள், பேரங்காடி வாசலில் காவலுக்கு நிற்பவர்கள், லோரி ஓட்டுபவர்கள் என்று உங்கள் எல்லாருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். அடுத்த வாரம் எந்த நாள் ஓய்வு என்று இந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் உங்களுக்குத் தெரிகிறது. சில நேரம் அதுவும் தெரிவதில்லை. "நாளை மறுநாள் வேலை இல்லை" என்று சுப்பர்வைசர் சொன்னதும் வீட்டுக்கு வந்து துணி துவைத்து, தூங்கி, அந்த நாட்களைக் கழித்துவிடுகிறீர்கள். அந்த நாட்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய பயணக் கடையில் 1989 முதல் 2020 வரை டிக்கெட் போட்டவள் நான். ஆரம்பத்தில் கையால்தான் எழுதுவோம். தாளின் பின்பக்கம் சிவப்பாகக் கார்பன் பூசியிருக்கும். பேனாவை அழுத்தி எழுதினால்தான் கடைசித் தாளில் எழுத்து விழும். மாலையில் பார்த்தால் நடுவிரல் முட்டியில் சிவப்பு ஏறியிருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. 2008 ஜூனில் உலகம் முழுக்கத் தாள் டிக்கெட் நின்றுபோனது. கொரோனா வந்த ஆண்டு எங்கள் கடையும் மூடியது.

இத்தனை ஆண்டுகளில் நம் ஆட்கள் அவசரமாக ஓடி வந்து டிக்கெட் கேட்டது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். ஊரில் சாவு. கதவைத் திறப்பதற்குள் வாசலில் நிற்பார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். "எவ்வளவு ஆனாலும் சரிம்மா, இன்னிக்கு ராத்திரி எடுக்கறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்பார்கள். அவர்கள் கொடுத்ததுதான் அந்த விமானத்திலேயே அதிக விலை. மனைவியின் வளையலை விடியற்காலையில் அடகுக்கடைக்காரரை எழுப்பி வைத்துவிட்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். கடைசி நேரப் பயணம் என்றாலே நமக்குச் சாவு வீடு என்று ஆகிவிட்டது. மகிழ்ச்சிக்காக ஒருவர் நாளைக்கே கிளம்பலாம் என்ற எண்ணம் நம்மிடம் வளரவே இல்லை.

அதற்குக் காரணம் பழையது. என் அப்பா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி இங்கே வந்தவர். 1926-இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஒரே தடத்தில் ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த நம் ஜனங்களுக்குப் பயணம் என்றால் இந்தக் கரை, இல்லையென்றால் அந்தக் கரை. போர்ட் சுவெட்டன்ஹாமுக்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது 1972-இல். ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு கப்பல் பயணமே முடிந்தது. பிறகு விமானம் வந்தது, ஆனாலும் போகிற இடம் மாறவில்லை. கல்யாணம், கருமாதி, நேர்த்திக்கடன் மூன்றுக்கும் ஊர்தான். ஊருக்குப் போக ஐந்து ஆண்டு சேர்ப்போம். வேறு எங்கும் போவதைப் பற்றி யோசிக்கவே மாட்டோம்.

2001-இல் ஏர் ஏசியாவை டோனி பெர்னாண்டஸும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வெள்ளிக்கு வாங்கினார்கள். அப்போது அந்தக் கம்பெனியிடம் இருந்தது 2 விமானம், தலைக்கு மேல் 4 கோடி வெள்ளி கடன். இனி எல்லாரும் பறக்கலாம் என்று சுவரெல்லாம் விளம்பரம் வந்தது. எங்கள் கடைக்கு அது நல்ல செய்தியாக இல்லாவிட்டாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். 2008-இல் திருச்சிக்கும் அது பறக்க ஆரம்பித்தபோது, சென்னையில் இறங்கி இரவெல்லாம் பஸ்ஸில் போன வயதானவர்கள் எத்தனை பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்!

ஆனால் அந்த மலிவு டிக்கெட் யார் கைக்குப் போனது? அதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முன்பே லீவு எழுதிக் கொடுக்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். ஆபீசில் வேலை பார்ப்பவர்கள், ஆசிரியர்கள், கடன் அட்டை வைத்திருப்பவர்கள். "அடுத்த மார்ச்சு 14-ஆம் தேதி எனக்கு லீவு கிடைக்குமா?" என்று உங்களில் யாராவது உங்கள் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் லீவு, ஐந்து ஆண்டு வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். அந்த நாட்கள் உங்களுக்கு உண்டு. எப்போது என்பதுதான் உங்கள் கையில் இல்லை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரருக்குத்தான் மலிவு டிக்கெட் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

விலை எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் வழியும் தெரியும். ஒரு விமானத்தில் 180 இருக்கை என்று வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விலை கிடையாது. படிக்கட்டு மாதிரி பல விலை. கீழ்ப்படியில் இருக்கும் சில இருக்கைகள் தீர்ந்தால் அடுத்த படி. நாள் நெருங்க நெருங்கக் கீழ்ப்படிகளை மூடிவிடுவார்கள். கடைசியில் வாங்குபவர் கட்டாயம் போக வேண்டியவர், வேறு வழியில்லாதவர் என்பது அவர்கள் கணக்கு. சாவுக்குப் போகிறவர் அதிகம் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். ஆகவே கடைசி நாளில் எல்லா டிக்கெட்டும் மலிவாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓர் ஊரை மனதில் வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் தேடினால் பெரும்பாலும் அடிதான் விழும்.

அதே நேரம், நாளை மறுநாள் கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் அத்தனை விமானமும் நிறைந்திருக்காது. புதன்கிழமை காலையில் எங்கோ ஓர் ஊருக்குப் பாதி காலியாக ஒன்று கிளம்பும். காலி இருக்கையால் கம்பெனிக்கு ஒரு காசு வராது. ஆள் ஏறினால் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் ஏதாவது கிடைக்கும். அதனால் அந்த விமானத்தில் கீழ்ப்படிகளைத் திறந்தே வைத்திருப்பார்கள். அது எந்த ஊருக்கு என்பது வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் மேடான், ஒரு வாரம் கிராபி, ஒரு வாரம் கோத்தா பாரு. தேதியை உங்களால் மாற்ற முடியாது. ஊரை மாற்றலாமே. "லங்காவிக்கு எவ்வளவு?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "புதன் போய் வெள்ளி திரும்ப எங்கே மலிவு?" என்று கேளுங்கள். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதைச் செய்யும் விதம்.

முன்பு இப்படிக் கேட்டால் நான் ஒவ்வோர் ஊராகக் கணினியில் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும், வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்கள். இப்போது உங்கள் கைப்பேசியே செய்கிறது. ஸ்கைஸ்கேனரில் போகுமிடத்துக்கு 'எங்கு வேண்டுமானாலும்' என்று கொடுக்கலாம். கூகல் பிளைட்ஸில் ஊரைக் காலியாக விட்டுத் தேதியை மட்டும் போட்டால் வரைபடத்தின் மேல் ஒவ்வோர் ஊருக்கும் விலை தெரியும். அங்கே விலையைப் பார்த்துவிட்டு, வாங்கும்போது விமானக் கம்பெனியின் சொந்தச் செயலியிலேயே வாங்குங்கள். ஏதாவது சிக்கல் வந்தால் நடுவில் இன்னொருவர் இருக்க மாட்டார்.

போகவும் வரவும் சேர்த்து, கட்டணம், விமான நிலைய வரி எல்லாம் கூட்டிய தொகைதான் விலை. மலேசிய விமானப் பயணப் பயனீட்டாளர் விதி 2016-இல் வந்தது. அதன்படி முழு விலையையும் விமானக் கம்பெனிகள் காட்டியாக வேண்டும். காப்புறுதி, இருக்கைத் தேர்வு போன்றவற்றை உங்களைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில் பணம் கட்டும் முன் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கண் தெரியவில்லை என்றால் மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் போக வேண்டாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம், 30 நாளுக்குள் தர வேண்டும். கவுண்டரில் நம் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது உங்கள் உரிமை, நிமிர்ந்து நின்று கேளுங்கள்.

டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை வாடகைக் காரில் விடுவதுதான் எனக்குப் பொறுக்காது. கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயில் 33 நிமிடத்தில் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்துக்குப் போகிறது, ஒரு வழிக்கு 55 வெள்ளி. மூன்று பேர் போய் வந்தால் அதுவே 330 வெள்ளி. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரல் வாருங்கள். அடித்தளத்தில் விமான நிலைய பஸ் நிற்கும். ரயில் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். ஏர் ஏசியாவில் கையோடு கொண்டுபோகும் பைக்கு 7 கிலோ வரைதான். கையில் வைத்திருக்கும் சின்னப் பையையும் சேர்த்துத்தான் 7 கிலோ. இரவே எடை பாருங்கள். நாங்கள் வீட்டில் பழைய சாமான் தராசின் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்ப்போம். முள் ஏழைத் தாண்டினால் முதலில் வெளியே வருவது இரண்டாவது செருப்பு, அடுத்து ஷாம்பூ போத்தல், அப்புறம் "எதுக்கும் இருக்கட்டும்" என்று வைத்த புடவை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேருவில் ஒரு கையுறை ஆலையில் பேக்கிங் பிரிவு. 2023 ஜூனில் ஆர்டர் குறைந்து, ஒரு திங்கட்கிழமை மாலை அவர்களைக் கூப்பிட்டு, புதன் முதல் சனி வரை லைன் ஓடாது, ஆண்டு லீவில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அழாத குறையாக வந்து நின்றாள். "லீவும் போச்சு, ஒண்ணும் பண்ணாம வீட்டுல கெடக்கணும்" என்றாள். "எங்கேயாவது போறியா?" என்று கேட்டேன். லங்காவி என்றாள். பார்த்தோம், இரண்டு பேருக்கு 780 வெள்ளி. முகம் விழுந்துவிட்டது. ஊரைக் காலியாக விட்டுத் தேடினேன். மேடான், போக வர ஒருவருக்கு 218 வெள்ளி.

"அங்க என்னக்கா இருக்கு?" என்றாள். அங்கேதான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், ஒரு மணி நேரப் பறப்பு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கொண்டுபோனார்கள். நம் பாட்டன் இந்தக் கரையில் இறங்கினான், இன்னொருவன் அந்தக் கரையில் இறங்கினான், அவ்வளவுதான் வித்தியாசம். கம்போங் மெட்ராஸில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஊருக்கு வெளியே தஞ்சோங் செலாமாட்டில் 2005-இல் கட்டி முடித்த அன்னை வேளாங்கண்ணி ஆலயம், பார்க்கக் கோபுரம் வைத்த கோயில் மாதிரியே இருக்கும். இன்னும் தள்ளிப் போனால், சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டியது. தாய்லாந்தில் புக்கெட்டுக்கு வடக்கே தக்குவாபாவிலும் ஒரு தமிழ்க் கல்வெட்டு, அது இன்னும் பழையது, குளம் வெட்டிய சேதி சொல்வது. சைகோன் நகர நடுவில் ஒரு மாரியம்மன், பேங்காக்கின் சீலோம் சாலையில் ஒரு மாரியம்மன். மலிவு விமானம் நம்மை எந்தத் திசையில் இழுத்துப் போனாலும் நம்மவர் முன்பே போன தடம் ஒன்று அங்கே இருக்கிறது. ஆகவே தெரியாத ஊராயிற்றே என்று பயப்படாதீர்கள்.

அவளும் அவள் அம்மாவுமாக மேடானுக்குப் போனார்கள். கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி இவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, பாதி இந்தோனேசிய மொழியும் பாதி தமிழுமாக, "சுடா மாக்கான்? சாப்டியா?" என்று கேட்டாராம். அடுத்த கேள்வி, "நீங்க எந்தத் தோட்டம்?" நம் வீட்டுப் பெரியவர்கள் புது ஆளைப் பார்த்ததும் கேட்கும் அதே கேள்வி. அம்மா பந்திங் பக்கத்துத் தோட்டப் பெயரைச் சொல்ல, கிழவி தன் தோட்டப் பெயரைச் சொல்ல, இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

விமானம்தான் வேண்டும் என்றும் இல்லை. கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ஏறினால் தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் வரை ஒரே ரயில். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அந்த நிலையத்திலேயே முடிந்துவிடும். அங்கிருந்து சிறு ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஹாட்யாய். இடையில் சுங்கை பட்டாணியில் இறங்கி பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் நல்ல பயணம்தான். ஆனால் மலிவாக இருக்கிறதே என்று பார்க்கும்போது, ஏன் மலிவு என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் பருவமழை, ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் விடுதிகள் மூடிக் கிடக்கும். 2025 நவம்பர் வெள்ளத்தில் ஹாட்யாயில் மலேசியர்கள் ஆயிரக்கணக்கில் சிக்கி, விடுதி மாடிகளில் தவித்ததை மறக்க வேண்டாம். நல்ல காரணத்துக்கு மலிவாகும் நாட்களும் உண்டு. பள்ளிக்கூடம் திறந்த வாரம், நோன்பு மாதத்து உள்நாட்டுப் பயணம், எந்தப் பொது விடுமுறையும் ஒட்டாத செவ்வாய், புதன். ஆபீஸ்காரர்களால் போக முடியாத அந்த நாட்கள்தாம் ஷிப்ட் உங்களுக்குக் கொடுக்கும் நாட்கள். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இந்த வழி செல்லாது, வீட்டில் இருங்கள்.

இந்தியாவுக்கும் செல்லாது. அங்கே போக நமக்கு மின்விசா வேண்டும், குறைந்தது 4 நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ஆசியான் நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நமக்கு விசா தேவையில்லை. ஆனால் தாய்லாந்துக்கு 2025 மே முதல் வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும், சிங்கப்பூருக்கும் அப்படித்தான். இரண்டுமே இலவசம். காசு கேட்கும் பக்கம் வந்தால் அது போலி.

இன்னொரு எச்சரிக்கை. என் தங்கையே ஏமாந்தாள். "கடைசி நாலு இடம், இன்னிக்கு ராத்திரிக்குள்ள கட்டினா பாலி 499 வெள்ளி, ஹோட்டலோட" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. தனியார் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினாள். மறுநாள் அந்த எண் இல்லை. முப்பது ஆண்டு டிக்கெட் போட்டவளின் தங்கை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இன்னும் மனது அடித்துக்கொள்கிறது. சுற்றுலா விற்பவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், அமைச்சின் இணையப் பக்கத்தில் சரிபாருங்கள், கம்பெனிக் கணக்குக்கு மட்டும் பணம் கட்டுங்கள். உரிமம் உள்ள இடத்திலேயே ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன் கடப்பிதழ். லீவு திடீரென்று வரும், கடப்பிதழ் திடீரென்று வராது. முடியும் தேதிக்கு ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். 200 வெள்ளிக்கு ஐந்து ஆண்டு, அறுபது வயது ஆனவர்களுக்கு 100. வரி பாக்கி, திவால் போன்ற காரணத்தால் பயணத் தடை இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். விமான நிலையத்தில் பிள்ளைகள் முன்னால் தெரிந்துகொள்வதைவிட வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

அந்தப் பெண் சனிக்கிழமை இரவு திரும்பி வந்தாள். ஞாயிறு காலை ஷிப்ட். வேலைக்குப் போகும் வழியில் மேடான் பீக்கா அம்போன் கேக் ஒரு பெட்டியைக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். மாலையில் வந்து கடப்பிதழைத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்தில் சென்னை முத்திரை, 2019, பாட்டி இறந்ததற்குப் போனது. அந்த டிக்கெட்டைப் போட்டது நான்தான். மூன்று மாதச் சம்பளம் போனது எனக்குத் தெரியும். அடுத்த பக்கத்தில் மேடான். விரலை மூன்றாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அடுத்த தடவை லைன் நின்னா எங்கக்கா மலிவா இருக்கும்?"

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸில் டிக்கெட் எழுதிய உங்கள் அக்கா